அரைத் திருகு

மார்கழி மாதத்தில் ஏற்காட்டில் பாய்லர் கொட்டகையைப் போலச் சுகமான இடம் கிடையாது, ஐயா. எங்கள் எஸ்டேட்டில் ஆவி விட்டு எலுமிச்சைப்புல் எண்ணெய் எடுப்பார்கள். ஐயாக்கண்ணுவும் நானும் அங்கே ஃபிட்டர்கள்.

எண்பத்து நாலில் எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர் வந்து, பொங்கலுக்குப் பிறகு ஒரு ஃபிட்டர் போதும் என்றார். போகிறவன் எஸ்டேட் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வேலையில் நீடிக்கப்போவது ஐயாக்கண்ணுதான் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கிளியூரில் சொந்தக் கூரை இருந்தது. எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். நியாயத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆவிக் குழாயில் இருக்கும் குளோப் வால்வைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? வயிற்றுக்குள் குறுக்கே ஒரு சுவர், சுவரில் ஓட்டை. சக்கரத்தைத் திருகினால் தண்டோடு ஒரு மூடி இறங்கி ஓட்டையை அடைக்கும். ஆவி மூடிக்குக் கீழிருந்து வர வேண்டும். அப்போதுதான் வால்வை மூடியபின் ஆவி கசியாமல் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கயிற்றைப் பயமில்லாமல் மாற்ற முடியும். வால்வைத் திருப்பி மாட்டினாலும் அது வேலை செய்யும். ஆனால் மூடிய பிறகும் மேலே, அந்தக் கயிற்றடியில், ஆவி முட்டிக்கொண்டே நிற்கும்.

ஐயாக்கண்ணு ரொம்பக் கவனமானவர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, கசியாவிட்டாலும் கயிற்றை மாற்றிவிடுவார். அசட்டையான ஆளாக இருந்திருந்தால் எனக்கு இந்த யோசனையே வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பாய்லர் ஆறியிருந்தது. பூசை முடிந்து வந்து வால்வைத் திருப்பி மாட்டினேன். மேலே ஆவி போகும் திசையைக் காட்டிய அம்புக்குறியை அரத்தால் ராவிப் பெயின்ட் அடித்தேன்.

மறுநாள் அவர் வால்வை இறுக்கி மூடினார். வால்வுக்கு அந்தப் பக்கத்துக் குழாய் ஆறியதைத் தொட்டுப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுத்தார். கயிற்றை அழுத்திப் பிடிக்கும் நட்டைக் கழற்றிக் குனிந்தார். நான் விறகு எடுக்கப் போயிருந்தேன். சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்ததும் நான்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இரண்டு வருடமாகச் சோறு இறங்கவில்லை, ஐயா. பழையதைக் கழற்றிவிட்டுப் புது வால்வு மாட்டியதும் நான்தான்.

சேலம் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். தினமும் போனேன். எட்டாம் நாள், கண்ணில் கட்டோடு என் கையைத் தடவிப் பிடித்தார்.

"ஏனுங்ணா, நான் வால்வை நல்லா மூடலீங்களா?"

உண்மை வாய்வரை வந்தது.

"ஆமா கண்ணு, அரைத் திருகு பாக்கி இருந்துச்சு" என்றேன்.

"அப்பத் தப்பு என்னுதுங்ணா. நீங்க பக்கத்துல இல்லாதது நொம்ப நல்லதாப் போச்சு."

மறுநாள் போய்விட்டார்.

வால்வைத் திருப்பியது நான்தான், அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பொய்யை மட்டும் குற்றத்தில் சேர்க்காதீர்கள், ஐயா. காரணம் தெரியாமல் மனுசன் சாகக் கூடாதே என்றுதான் சொன்னேன்.