அணைக்கக் கூடாத பதினோரு நாள்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருக்கும் முனைவர் ஆனந்தவள்ளி அம்மையாரின் மகள் பானுப்ரியா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அம்மையாரை அறிவுக்கடல் என்றார்கள். உயிரோடு இருந்தபோது என்ன சொன்னோம்? துறைத்தலைவன் நானே சொல்கிறேன். தொந்தரவு என்றோம்!

அப்படி என்ன கேட்டுவிட்டார்? மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் மீக்கடத்தி நாடாவைச் சுற்றிச் சுற்றி நம் துறையில் ஒரு காந்தச் சுருள் செய்திருக்கிறோம். மின்சாரம் நாடா முழுவதும் சீராக ஓடும் என்று வைத்துக்கொண்டு அரை மணியில் கணக்கை முடித்தோம். அம்மையார் ஒப்பவில்லை. "நாம அனுப்பாத மின்னோட்டமும் நாடாவுக்குள்ளயே சுத்துதுங்க சார். காந்தப் புலத்தைக் கெடுக்கும், நாடாவோட ஓரத்தைப் பிடிச்சு இழுக்கும். சுருளே வீணாப் போயிடும்" என்றார். அந்த வேண்டாத மின்னோட்டத்தைச் சுற்றுச் சுற்றாகக் கணினியில் நடத்திப் பார்க்கப் பதினோரு நாள் வேண்டும். பதினோரு நாள் மின்சாரம் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்டார்!

கொடுத்தோமா? முதல் முறை, சனிக்கிழமை மாலை வழக்கம்போல் மெயின் சுவிட்சை அணைத்தோம். அடுத்த முறை ஆயுத பூஜை விடுமுறைக்கு அணைத்தோம். இரண்டு முறையும் கணக்கு முதலிலிருந்து! முடிந்தவரை நடுநடுவே சேமித்து வைக்கக் கணினி வட்டில் இடமில்லை. புது வட்டு கேட்டு அவர் எழுதிய கடிதம் இரண்டு வருடமாக என் மேசையில்தான் கிடக்கிறது.

மூன்றாம் முறை நம் எலக்ட்ரீஷியன் பஷீர் அகமது காவல் இருந்தார். தினமும் காலையில் காவிரிப் பாலத்து நெரிசலில் பஸ்ஸிலிருந்தே அம்மையார் போன் செய்வார். "பாய், மெஷின் ஓடுதா?" இவர் சொல்வார், "ஓடுது மேடம், மெதுவா வாங்க."

ஒன்பதாம் நாள் காலை போன் வரவில்லை. மாரடைப்பு. வீட்டிலேயே போய்விட்டார்.

அன்று நாம் என்ன செய்தோம் தெரியுமா? அவருக்கு மரியாதை செய்தோம்! துறைக்கு விடுமுறை, அறைகள் பூட்டப்படும், மின்சாரம் நிறுத்தப்படும் என்று சுற்றறிக்கை போட்டோம். பஷீர் பாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "சார், மேடம் மெஷின் ஓடிட்டிருக்கு. அதையுமா அணைக்கணும்?" நான் மாலை வாங்கப் போகும் அவசரத்தில் இருந்தேன். "எழுதியிருக்குல்ல பாய், செய்ங்க" என்றேன். அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்து யாருடையது? என்னுடையது! பானுப்ரியா, உங்கள் அம்மாவின் ஒன்பது நாளை அழித்தவன் நான்தான் அம்மா. வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அந்தச் சுருளில் முழு மின்சாரம் செலுத்தும் விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. முதல்வர் அவர்கள் மன்னிக்க வேண்டும். அம்மையாரின் கணக்கு முடியாமல் நான் ஒப்புதல் தர மாட்டேன். விழா நின்றால் நிற்கட்டும்.

எழுந்து நின்று மௌனம் காக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று காலை ஒன்பது மணிக்கு அம்மையாரின் கணக்கை மறுபடி தொடங்கியிருக்கிறோம். நடுவில் ஒரு சனிக்கிழமை வருகிறது. அன்று சுவிட்ச் அறை வாசலில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். பஷீர் பாயும் இருப்பார். அணைக்க வருபவர்கள் எங்களைத் தாண்டி வரட்டும்.

ஓடுது மேடம்.