வெறும் தண்ணீர்தான்

பருவம் மாறும்போது மனிதருக்கு முதலில் காய்வது உதடு. அப்புறம் மூக்கு, அப்புறம் தொண்டை. உங்கள் விரல் முட்டிகளில் வெடிப்பு விட்டிருப்பதை நீங்கள் பேனாவைத் திறந்தபோதே பார்த்தேன், மேடம். குளிர் தொடங்கியதும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொள்கிறோம். அறை சூடாகிறது, காற்று வறண்டுபோகிறது. இந்த அறையும் அப்படித்தான் இருக்கிறது. அந்த மூலையில் காற்றை ஈரப்படுத்துகிற ஹியூமிடிஃபையர் ஒன்றைச் சின்னதாக வைத்தால் உங்களுக்கு இந்தத் தொண்டைக் கமறல் இருக்காது. விற்பதற்காகச் சொல்லவில்லை. பழக்க தோஷம்.

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடையில் நான் விற்பனையாளன். துணி துவைக்கும் மிஷின், அயர்ன் பாக்ஸ், மின்விசிறி எல்லாம் விற்பேன். ஆனால் இலை உதிரத் தொடங்கிவிட்டால் என் மேஜைக்குத்தான் கூட்டம். கைக்குழந்தையோடு வரும் தம்பதிகள், மூக்கில் ரத்தம் கசிகிறது என்று கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர்கள். 'அந்தப் புகை விடுற மிஷின் இருக்கா?' என்று கேட்பார்கள். புகை இல்லை, வெறும் தண்ணீர்தான் என்று சொல்லி, அதன்மேல் கையை நீட்டச் சொல்வேன். விரல் நனையாது, ஆனால் குளிரும். முகம் மலர்ந்துவிடும். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதியையும் நான் ஒழுங்காகச் செய்வேன். பெட்டியைக் கட்டிக் கொடுக்கும் முன்னால் எல்லோரிடமும் ஒரே வார்த்தைகள்தான். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். மிச்சம் இருக்கும் தண்ணீரின்மேல் புதுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். தேங்கிய தண்ணீரில் எது வளர்கிறதோ அதுதான் ஆவியோடு சேர்ந்து உங்கள் நெஞ்சுக்குள் போகும். இப்படிப் பயமுறுத்தினால் எவன் வாங்குவான் என்று முதலாளி சலித்துக்கொள்வார். நான் ஒருவரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

என் மனைவி நீச்சல் பயிற்சியாளர். இப்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவளை வைத்து அவளை எடை போடாதீர்கள். கூரை போட்ட பெரிய நீச்சல்குளம் அது. இந்தக் கரையில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் அந்தக் கரையில் இருக்கும் பிள்ளை காலை நேராக நீட்டும். ஒரே மூச்சில், தண்ணீருக்கு அடியிலேயே, குளத்தின் மறுமுனைக்குப் போய்விடுவாள். பிள்ளைகள் அவளைக் 'கோச்சக்கா' என்று கூப்பிடுவார்கள். நான் தண்ணீரைக் கண்டாலே நாலடி தள்ளி நிற்கிறவன். கடை விடுமுறை நாட்களில் போய், அவளுடைய துண்டையும் பையையும் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் பிள்ளைகள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 'டவல் அங்கிள்.' அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

பகலெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு வந்து ஹீட்டர் போட்ட அறையில் படுத்தால் தோல் என்ன ஆகும்? கெண்டைக்கால் செதில் செதிலாக உரியும். காலையில் எழுந்தால் தலையணையில் மூக்கு ரத்தம் இருக்கும். மனசு கேட்காமல் கடையிலிருந்து நல்லதாக ஒரு ஹியூமிடிஃபையரைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, பழைய பல்துலக்கியால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, ஜன்னலோரம் கவிழ்த்துக் காயவைத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவேன். அவளுக்கு ரத்தம் நின்றது. நன்றாகத் தூங்கினாள். அது எனக்கும் அவளுக்குமான நல்ல காலம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் காற்று மாறுகிற நேரத்தில்தான் அவளுக்கு அந்த வாய்ப்பு வந்தது. வேறு ஊரில் பெரிய பயிற்சி மையம். தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். சொல்லும்போதே அவள் முகத்தில் அந்த ஊர் வந்துவிட்டது.

"நீங்களும் வந்துடுங்க. அங்க கடையே இல்லையா என்ன?" என்றாள். "டவல் அங்கிளுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவளுக்கு யாரையும் புண்படுத்தத் தெரியாது. ரொம்ப நல்ல விஷயம், விடாதே என்று நானும் சொன்னேன். போகாதே என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அவளையே கேட்டுப் பாருங்கள்.

அந்த வாரம் கடையில் நிற்க நேரமில்லை. தொட்டியைக் கழுவ மறந்துபோனேன். மேலே தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடுவேன். முதல் தடவை அது மறதிதான், மேடம். அதில் எந்தச் சூதும் இல்லை. வார இறுதியில் அவளுக்குக் குளிர் ஜுரம் மாதிரி வந்தது. வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம். கட்டிலை விட்டு எழவில்லை. நான் சூப் வைத்துக் கொடுத்துவிட்டு எழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருந்ததில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு அன்று முழுக்க அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் தண்ணீர் நிரப்பத் தொட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோனபோது உள்பக்கம் விரலில் வழுவழுவென்று பட்டது. பட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பதறிப்போய்க் கழுவினேன், நன்றாகவே கழுவினேன். நாலைந்து நாளில் அவள் தேறிவிட்டாள். புது மையத்துக்குப் போன் செய்து, மாதக் கடைசியில் வந்துவிடுகிறேன் என்றாள். பரண்மேல் இருந்த பயணப் பெட்டியை அவளே எம்பி இறக்கினாள். தூசி தட்டும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

அதன் பிறகு நான் கழுவவில்லை.

'வேண்டுமென்றே கழுவாமல் விட்டேன்' என்று எழுதுகிறீர்கள். 'கழுவவில்லை' என்று இருந்தாலே போதுமே. நான் எதையும் கலக்கவில்லை, ஊற்றவில்லை, தூவவில்லை. குழாயில் வந்த தண்ணீர். தீரத் தீர மேலே ஊற்றினேன், அவ்வளவுதான்.

மறுபடி இருமல் பிடித்தது. நெஞ்சு மருத்துவரிடம் போனோம். அவள் வேலையைக் கேட்டதும் அவர் தலையை ஆட்டினார். குளத்தில் போடுகிற குளோரின் நெடிதான் காரணம் என்றார். மூடிய கட்டடம், வருஷக்கணக்கில் சுவாசித்தது, இப்போது வேலையைக் காட்டுகிறது என்றார். கொஞ்ச காலம் குளத்துப் பக்கமே போகாமல் வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். அவ்வளவு படித்தவர் சொல்கிறார். கடையில் நின்று சாமான் விற்கிறவன் நான், எதிர்த்துப் பேச முடியுமா?

அவள் வீட்டோடு இருந்தாள். குளிருக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தோம். முன்பெல்லாம் தூங்கும்போது மட்டும் ஓடிய மிஷின் இப்போது பகலிலும் ஓடியது. அவளே கேட்டாள்.

"அதைக் கொஞ்சம் கூட்டி வைங்களேன். அது இருந்தாத்தான் தொண்டைக்கு இதமா இருக்கு."

கூட்டி வைத்தேன். நோயாளி வாய் விட்டுக் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அவள் மெலிந்தாள். ஒரு வாக்கியத்தை மூன்றாகப் பிய்த்துப் பேச ஆரம்பித்தாள். படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவாள். நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொள்வேன். தலை வாரிவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன். பயிற்சிப் பிள்ளைகள் ஒருநாள் பார்க்க வந்தார்கள். வாசலில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அவளால் பேச முடியவில்லை, என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவளுக்காக நான்தான் பேசினேன். கோச்சக்கா சீக்கிரம் வந்துவிடுவாள், காலை நேராக நீட்டிப் பழகுங்கள் என்றேன். 'சரி அங்கிள்' என்றார்கள். வெறும் அங்கிள் என்று.

அந்தப் புது மையம் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெட்டியை நான் திரும்பப் பரணில் ஏற்றினேன்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்பது சுலபம். நான் எத்தனையோ தடவை தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றிருக்கிறேன். கழுவினால் அவள் தேறுவாள். கழுவியதும் தேறினால், எதனால் வந்தது என்று தெரிந்துவிடும். கழுவாவிட்டால் அவள் படும் பாட்டை நான் பார்க்க வேண்டும். நேற்றே கழுவியிருந்தால் இன்று இந்தச் சங்கடம் இல்லை என்று தோன்றும். மறுநாளும் அதேதான் தோன்றும். கையும் ஓடாது, காலும் ஓடாது. சில நாள் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதிருக்கிறேன். தொட்டி நிரம்பி வழியும். மூடியைத் திருகிக் கொண்டுபோய் வைத்துவிடுவேன். நான் கல் இல்லை, மேடம். அந்த வீட்டில் அவளைவிட அதிகமாக வேதனைப்பட்டவன் நான்தான்.

ஒருநாள் உதடு நீலம் பாரித்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு வாரத்தில் எழுந்து நடமாடினாள். எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வந்து படுத்ததும் பழையபடி திணறல். மறுபடியும் சேர்த்தோம். இந்த முறை இருந்தவர் இளம்வயது டாக்டரம்மா. ஆஸ்பத்திரியில் சரியாகி வீட்டுக்குப் போனதும் வருகிறதென்றால் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்றார். புதுசாக ஏதாவது வாங்கினீர்களா, பறவை வளர்க்கிறீர்களா, சுவரில் பூஞ்சை உண்டா என்று என்னைத் துருவினார். புதுசாக எதுவும் இல்லை என்றேன். அது பொய்யில்லை. மிஷின் முந்தின வருஷம் வாங்கியது.

அவளுடைய தம்பி நெடுந்தூர பஸ் டிரைவர். அக்காவைப் பார்க்க லீவு போட்டு வந்திருந்தான். அவளுக்குச் சால்வை எடுத்துவர வீட்டுக்கு அனுப்பினேன். அறையில் ஆள் இல்லாமலே மிஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அணைக்கப் போனவன் நாற்றம் அடிக்கிறதே என்று மூடியைத் திறந்திருக்கிறான். அவன் வெள்ளந்தி. அக்கா வருவதற்குள் சுத்தம் பண்ணி வைக்கலாம் என்று, இதை எப்படிக் கழுவுவது என எங்கள் கடைக்கே போன் செய்து கேட்டிருக்கிறான். கல்லாவில் இருக்கும் பெண் சிரித்திருக்கிறாள். உங்கள் மாமாவையே கேளுங்களேன், எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவரே அவர்தானே என்று சொல்லி, நான் சொல்லும் வார்த்தைகளை ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறாள். நெஞ்சுக்குள் போகும் என்பது வரைக்கும்.

தொட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். நடைபாதையில் என் எதிரே வந்து நின்றான். சத்தம் போடவில்லை.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"தெரியும்" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு எழுந்து டாக்டரம்மாவைத் தேடிப் போனான். நான் ஓடவில்லை. போலீஸ் ஜீப்பில் நீங்கள் வரும்வரை அதே இடத்தில்தான் நின்றிருந்தேன்.

நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது, இனி பழையபடி ஆகாது என்கிறார்கள். படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மூக்கில் குழாய், பக்கத்தில் சிலிண்டர். குளத்தில் இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதெல்லாம் என்னால்தான் என்று எழுதுங்கள். எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவள் போய்விடுவாள் என்று பயந்தேன். இரும வைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

'அந்த ஆளை உள்ள விடாதீங்க' என்று அவள் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். சொல்லியிருப்பாள். மூச்சு வாங்குவதால் இப்போதெல்லாம் அவள் பேச்சு அப்படி வெட்டி வெட்டித்தான் வரும். முழுசாகச் சொல்ல முடிந்திருந்தால் வேறு மாதிரி முடித்திருப்பாள். இத்தனை மாதமாக அவள் விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்துக் கொடுத்தவன் நான். எனக்குத் தெரியும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்பிவிட்டால் நல்லது, மேடம். அவள் தம்பிக்கு லீவு முடிகிறது, அவன் பஸ்ஸை எடுக்கப் போய்விடுவான். குளியலறை வரைக்கும் யாராவது பிடித்துக்கொண்டு போக வேண்டும், தலை வாரிவிட வேண்டும், சிலிண்டரை மாற்ற வேண்டும். முன்பெல்லாம் அவளுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இப்போது அப்படி இல்லை. நான் இல்லாமல் அவளால் முடியாது.