ஒண்ணு குறையுது

சுபாஸ்ரீ: கைய எடுங்க. அவளே எண்ணட்டும்.

ராகவேந்திரா: நான் எங்க எண்ணினேன்? இட்லிய நேரா வெச்சேன். கோணலா இருந்தா குழந்தைக்குக் குழம்பும்ல...

சுபாஸ்ரீ: அஞ்சு வயசுப் பொண்ணு அவ. கோணல் இட்லியத் தின்னவும் தெரியும், எண்ணவும் தெரியும். ஆதிரை... அப்பா மூஞ்சியப் பாக்காத. தட்டப் பாரு. எத்தன இட்லி?

ஆதிரை: ம்ம்... அஞ்சு!

சுபாஸ்ரீ: அஞ்சா?

ராகவேந்திரா: கிட்டத்தட்ட சரிதான்.

சுபாஸ்ரீ: ஆறு இருக்கு. கணக்குல என்னங்க கிட்டத்தட்ட? லிஃப்ட் கிட்டத்தட்ட நம்ம மாடியில நின்னா இறங்கிடுவீங்களா?

ராகவேந்திரா: ஒரு இட்லிதானே சுபா... சனிக்கெழம காலையிலயே பரீட்ச வைக்கணுமா?

சுபாஸ்ரீ: ரெண்டு மாசமா இதையேதான் சொல்றீங்க. சாயங்காலம் ஆறு மணி அடிச்சா அப்பாவும் பொண்ணும் அடுப்படியில கடைய விரிச்சிடறீங்க. வெங்காயத்த வரிசையா அடுக்கறது, சாக்ஸ ஜோடி சேக்கறது, பக்கெட்டுக்கு எத்தன மக்குத் தண்ணின்னு பாத்ரூமக் குளமாக்கறது...

ஆதிரை: அது ஜாலிம்மா!

சுபாஸ்ரீ: ஜாலிதான். தரையத் தொடைக்கறது நானு. வீடு பூரா கணக்கு எறைஞ்சு கெடக்கு, இவ வாயில மட்டும் வரல. அதான் முடிவு பண்ணிட்டேன். கீழ கிளப்ஹவுஸ்ல அபாகஸ் கிளாஸ். சாவித்ரி மேடம் எடுக்கறாங்க. திங்கக்கெழமைலேருந்து ஆறு மணிக்கு.

ராகவேந்திரா: ஆறு மணிக்கா?

சுபாஸ்ரீ: ஏன், ராகு காலமா?

ராகவேந்திரா: இல்ல... அது எங்க நேரம்.

சுபாஸ்ரீ: உங்க நேரத்துல என்ன விளைஞ்சுது? அதச் சொல்லுங்க.

ராகவேந்திரா: எங்களுக்குன்னு இருக்கறதே அந்த ஒரு மணி நேரம்தான் சுபா. அதையும் பிடுங்கணுமா?

சுபாஸ்ரீ: நான் இல்லேங்கல. முன்னாடி நீங்க ஆபீஸ் முடிஞ்சு கச்சிபௌலி டிராஃபிக்கத் தாண்டி வீடு வந்து சேர்றப்ப இவ ரெண்டாவது தூக்கத்துல இருப்பா. ஞாயித்துக்கெழம உங்களப் பாத்து, இந்த அங்கிள் யாருன்னு கேக்காததுதான் பாக்கி. பொண்ணு கணக்குல வீக்குன்னு மிஸ் சொன்னதும் மேனேஜர்கிட்டப் பேசி அஞ்சு மணிக்கே கெளம்பி வந்தீங்க. பெருமையாத்தான் இருந்துது. ஆனா பலன்?

ராகவேந்திரா: வரும். மெதுவா வரும்.

சுபாஸ்ரீ: மெதுவாவா? அது திரும்பிப் போயிட்டிருக்கு! ஆதிரை, இங்க வா. அம்மா துணி க்ளிப்ப வெச்சிருக்கேன் பாரு. எத்தன?

ஆதிரை: ஏழு.

சுபாஸ்ரீ: எட்டு. இந்த ஸ்பூன்?

ஆதிரை: மூணு.

சுபாஸ்ரீ: நாலு. வாசல்ல செருப்பு?

ராகவேந்திரா: செருப்ப விடு, அது அடுத்த வீட்டுக்காரங்களோடதும் சேந்து...

சுபாஸ்ரீ: இருங்க, இருங்க. ஆறுக்கு அஞ்சு. எட்டுக்கு ஏழு. நாலுக்கு மூணு. என்னங்க இது?

ராகவேந்திரா: காபி ஆறுது, குடிச்சிடறேன்.

சுபாஸ்ரீ: உக்காருங்க. தெரியாத பிள்ளைன்னா தப்பித் தவறி ஒரு தடவையாவது சரியாச் சொல்லணுமே! இவ ஒவ்வொரு தடவையும் கரெக்டா ஒண்ணு குறைக்கறா. இவ்வளவு ஒழுங்கா யாராவது தப்புப் பண்ணுவாங்களா?

ராகவேந்திரா: நம்ம பொண்ணாச்சே. எதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கும்.

சுபாஸ்ரீ: பேச்ச மாத்தாதீங்க. ஆதிரை, ஒவ்வொரு ஸ்பூனாத் தொட்டு, சத்தமா எண்ணு.

ஆதிரை: லாபம்... ஒண்ணு... ரெண்டு... மூணு.

சுபாஸ்ரீ: என்னது?

ஆதிரை: லாபம்!

சுபாஸ்ரீ: ஐயோ கடவுளே... என்னங்க, இது யாரு சொல்லிக் குடுத்தது?

ராகவேந்திரா: அது... முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம அரிசி மூட்டையப் பிரிச்சு டிரம்முல அளந்து போடறப்போ... எங்க மன்னார்குடி வீட்ல மொத படிய ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க. வீட்ல பெருகணும்னு.

சுபாஸ்ரீ: எங்க வீட்லயுந்தான். லாபம், ரெண்டு, மூணுன்னு போகும். இவ லாபத்தையும் சொல்லி, அப்பறம் ஒண்ணுலேருந்து வேற ஆரம்பிக்கறா!

ராகவேந்திரா: அட, ஆமால்ல.

சுபாஸ்ரீ: என்ன அட? நீங்க கம்பெனில என்ன வேல பாக்கறீங்க?

ராகவேந்திரா: டெஸ்டிங்...

சுபாஸ்ரீ: அதாவது?

ராகவேந்திரா: அடுத்தவன் எழுதினதுல தப்புக் கண்டுபிடிக்கறது.

சுபாஸ்ரீ: அமெரிக்காக்காரன் பண்ற தப்பு இங்கேருந்தே உங்க கண்ணுல படும். பக்கத்துல உக்காந்துக்கிட்டு பொண்ணு லாபம் லாபம்னு சொல்றது காதுல விழல. நான் நம்பணும்?

ராகவேந்திரா: கவனிக்கல சுபா. வெளையாட்டு மும்முரத்துல...

சுபாஸ்ரீ: முழியப் பாரு. சரி, போகட்டும். ஆதிரை, இனிமே லாபத்துக்கு அப்பறம் நேரா ரெண்டு. புரிஞ்சுதா?

ஆதிரை: ஹவ்.

சுபாஸ்ரீ: ஸ்கூல் பஸ்ல கத்துக்கிட்டு வந்த இந்த ஊரு பாஷை... ஆமாம்மான்னு சொல்லு.

ஆதிரை: ஆமாம்மா.

சுபாஸ்ரீ: முடிஞ்சுது. இதுக்குப் போயி அபாகஸ் எதுக்கு? சாவித்ரி மேடம் வேணாம்.

ராகவேந்திரா: அப்பாடா! நான் அப்பவே சொன்னேன்ல?

சுபாஸ்ரீ: நீங்களும் வேணாம்.

ராகவேந்திரா: என்னது?

சுபாஸ்ரீ: பொண்ணுக்குக் கணக்கு வரலன்னுதான மேனேஜர் உங்கள அஞ்சு மணிக்கு விட்டாரு? வந்துடுச்சே. திங்கக்கெழம போயி, ரொம்ப தேங்க்ஸ் சார், பழையபடி லேட்டாவே இருக்கேன்னு சொல்லிடுங்க.

ராகவேந்திரா: ஒரு ஸ்பூன வெச்சு எப்படிச் சொல்ல முடியும்? இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டு...

சுபாஸ்ரீ: பாத்துடுவோம். ஆதிரை, அதே ஸ்பூன். இப்ப எண்ணு.

ஆதிரை: நக்கோ.

சுபாஸ்ரீ: நக்கோவாம்! வேணாம்னு சொன்னா விட்டுடுவேனா? எண்ணுடி தங்கம்.

ஆதிரை: லாபம்... ரெண்டு... மூணு... நாலு.

சுபாஸ்ரீ: அப்ப மொத்தம் எத்தன?

ஆதிரை: ம்ம்... மொத்தமா?

சுபாஸ்ரீ: சொல்லு.

ஆதிரை: மூணு.

சுபாஸ்ரீ: நாலுன்னு நீயே எண்ணிட்டு மூணுங்கற?

ஆதிரை: அப்பா... சரியாச் சொல்லிடவா?

சுபாஸ்ரீ: ஓஹோ. அவரு உத்தரவு குடுக்கணுமா?

ராகவேந்திரா: நான் சொல்லிக் குடுக்கல சுபா. சத்தியமா. அந்த லாபத்த நான் மொத வாரமே கண்டுபிடிச்சுட்டேன். ஸ்கூல்லயும் எண்ணறதுக்குக் குடுத்த பாசிமணில மொத மணியத் தொட்டு லாபம்னுட்டு, அப்பறந்தான் ஒன், டூன்னு ஆரம்பிச்சிருக்கா. சரி பண்ணினேன். உடனே பிடிச்சுக்கிட்டா. சந்தோஷத்துல நான்தான் ஒளறிட்டேன்.

சுபாஸ்ரீ: என்னன்னு?

ராகவேந்திரா: அவ்வளவுதான் செல்லம், உனக்குக் கணக்கு வந்துடுச்சு, இனிமே அப்பா பழையபடி ராத்திரிதான் வருவேன்னு... சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். மறுநாளே திரும்ப ஒண்ணு குறைய ஆரம்பிச்சுது.

சுபாஸ்ரீ: நடிக்கறான்னு உங்களுக்குத் தெரிஞ்சுது.

ராகவேந்திரா: தெரிஞ்சுது. கேக்க மனசு வரல. எனக்கும் அந்த ஆறு மணி வேண்டியிருந்துது... திட்டறதுன்னா என்னத் திட்டு. அவள ஒண்ணும் சொல்லாத.

ஆதிரை: அம்மா, எனக்கு நூறு வரைக்கும் தெரியும். ரிவர்ஸ்லகூட வரும். ஆனா எல்லாம் தெரிஞ்சுட்டா அப்பா வரமாட்டாருல்ல?

ராகவேந்திரா: சுபா... அந்த மேடத்துக்கு நான் வேணா போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன். நம்பர் குடு.

சுபாஸ்ரீ: எந்த மேடம்? கிளப்ஹவுஸ்ல கேரம் போர்டத் தவிர என்ன இருக்கு? மிஸ் போன வாரமே எனக்குப் போன் பண்ணிட்டாங்க, கிளாஸ்லயே இவதான் கணக்குல கெட்டின்னு. அங்க டாண் டாண்ணு சொல்றவ எங்கிட்ட மட்டும் ஏன் குறைக்கறான்னு யோசிச்சேன், உங்க ரெண்டு பேரு வாயையும் கிளறலாம்னு பாத்தேன், சாவித்ரின்னு ஒரு பேரு வாயில வந்துது, சொன்னேன். என் பொண்ணு அசடா நடிச்சாத்தான் அவ அப்பா வீட்டுக்கு வரலாம்னா, அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கல. திங்கக்கெழம மேனேஜர்கிட்ட நேராச் சொல்லுங்க, பொண்ணு நல்லாப் படிக்கறா, ஆனாலும் ஆறு மணிக்கு நான் வீட்ல இருக்கணும்னு. பொண்ணு தேடறான்னு சொல்லக் கூச்சமா இருந்தா பொண்டாட்டி தேடறான்னு சொல்லுங்க... அது பொய்யில்ல.