ஹார்லனின் தொட்டி நிறைந்த விதம்

மனித நாகரிகம் மூன்று தொட்டிகளின் மேல் நிற்கிறது. வீட்டுவண்டியோடு இந்த அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்து குளிர்காலம் கழிக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சங்கத்தின் விசாரணைக் குழு முன்னால் வாக்குமூலம் என்று வந்துவிட்டால் அஸ்திவாரத்திலிருந்து தொடங்குவதுதான் மரியாதை. முதல் தொட்டியில் நல்ல தண்ணீர். இரண்டாவதில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும். மூன்றாவதைக் கறுப்புத் தொட்டி என்கிறோம். அதில் என்ன இருக்கிறது என்று பேசாமலிருப்பதற்குப் பெயர்தான் பண்பாடு.

என் பெயர் வெண்டல். நாற்காலி வசதியாக இருக்கிறது, நன்றி.

நம் சங்கத்தின் போட்டி உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் எல்லோரும் தொட்டிகளைக் காலி செய்துவிட்டு வந்து நிற்கிறோம். நல்ல தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். கழிவைக் கொட்ட யார் வண்டி முதலில் நகர்கிறதோ அவர் அவுட். கடைசிவரை நகராதவருக்கு, பழைய ஸ்பேனர்களை ஒட்டவைத்துச் செய்த அந்த இரும்பு ஒட்டகம். எனக்கு ஒட்டகத்தின் மேல் ஆசை எதுவும் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஹார்லனுக்குத்தான் ஆசை. சங்கத் தலைவர் என்ற முறையில் தினமும் சாயங்காலம், நாம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு பியரைத் திறந்ததும் அவர் எழுந்து நிற்பார். "தொட்டிங்கிறது ஒரு மனுஷனோட குணம்ப்பா. அடக்கம் இருக்கிறவனுக்கு நிறையாது." பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன வெண்டல், உன் குணம் எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்பார். எல்லோரும் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன்.

இதில் என் மனைவி லோர்னா எங்கே வருகிறாள் என்று கேட்கிறீர்கள். அவள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தொட்டியைக் காப்பாற்ற நான் சில சின்னச் சின்ன ஏற்பாடுகள் செய்திருந்தேன். ஷவரில் உடம்பை நனைத்ததும் குழாயை மூடிவிட வேண்டும். தட்டைக் கழுவக் கூடாது, காகிதத்தால் துடைக்க வேண்டும். மற்ற விஷயத்துக்கு, காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்குக்குப் போய் வர வேண்டும். நியாயமான ஏற்பாடுகள்தான். ஒருநாள் காலை லோர்னா அந்தப் பங்க்கிலிருந்து திரும்பிவந்து காரின் கதவைச் சாத்தாமலேயே நின்றாள்.

"அங்க கல்லாவுல இருக்கிற பொண்ணு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது, வெண்டல். நல்லாருக்கீங்களா, வயிறு எப்படியிருக்குன்னு கேக்குது. இன்னொரு தடவை நான் அங்க போற மாதிரி வெச்சேன்னு வையி, அப்படியே துலூத்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள். அவளை இழக்க நான் தயாராக இல்லை. அவள் எங்கள் வண்டிக் கழிப்பறைக்கே தாராளமாகப் போக வேண்டும். தொட்டியும் நிறையக் கூடாது. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஒரே வழிதான் தெரிந்தது.

கழிவை மில்க் ஷேக் பதத்துக்கு அரைத்துத் தள்ளுகிற பம்ப் ஒன்றை வாங்கி, பேட்டரியோடு இணைத்தேன். மூட்டுகளில் நூல் சுற்றி, ஒரு சொட்டு ஒழுகாதபடி இறுக்கினேன். தோட்டத்துக் குழாயை, எங்கள் வண்டியைச் சுற்றி லோர்னா அழகுக்காக அடுக்கியிருந்த வெள்ளைக் கற்களுக்கு அடியில் ஓட்டினேன். அடுத்த வண்டி ஹார்லனுடையது. அதன் கழிவு வாய் எங்கள் பக்கம்தான் பார்த்திருந்தது. அதன் மூடியில் தோட்டத்துக் குழாயைத் திருகி மாட்ட ஒரு மறை உண்டு. மறை பொருந்துகிறதா என்று பார்த்தேன். பொருந்தியது. ஹார்லனின் வால்வைத் திறந்து வைத்தேன், பம்பைப் போட்டேன், நாற்காலியை எடுத்துக்கொண்டு வட்டத்துக்கு வந்தேன். அடக்கத்தைப் பற்றி ஹார்லன் பேசிக்கொண்டிருந்தார். கவனமாகக் கேட்டேன். நல்ல பேச்சு.

அதற்குப் பிறகு லோர்னா பாடிக்கொண்டே குளித்தாள்.

ஹார்லனுக்கும் அவர் மனைவி பெவ்வுக்கும் கொஞ்சம் சச்சரவு வந்தது உண்மை. ஜன்னல் வழியாகக் கேட்டது.

"பெவ், நீ என்னத்தைத்தான் திங்கிறே?"

"நீ திங்கிறதைத்தான். சமைக்கிறது நான், ஞாபகம் இருக்கா?"

"தொட்டி அளவு காட்டுற இந்த விளக்கைப் பாரு. முக்கால்னு காட்டுது."

"அது பொய் சொல்லும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தது யாரு?"

பெவ் நல்ல பெண்மணி. எனக்குச் சங்கடமாகிவிட்டது. அன்றைக்குக் கொஞ்சம் குறைவாக அனுப்பினேன்.

ஹார்லன் தொட்டி நிறைந்துவிட்டது எனக்குத் தெரியுமா என்பது உங்கள் அடுத்த கேள்வி. முழுசாக நிறைந்துவிட்டதாக விளக்கு காட்டியதை நானே பார்த்தேன். அவரும் பார்த்தார். "விளக்கை நம்பறவன் முட்டாள்" என்று என் தோளைத் தட்டிச் சொன்னார். அனுபவசாலி சொல்கிறார். நான் யார் மறுப்பதற்கு?

சங்கத்தின் பெரிய விருந்தன்று அவர் வண்டியின் பக்கவாட்டில் விரித்திருந்த நிழல்துணிக்குக் கீழேதான் மேஜைகள் போட்டிருந்தோம். பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லி, சோள ரொட்டி. ஹார்லன் ஒட்டகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் அதற்குச் சற்று முன்பு பம்பைப் போட்டிருந்தேன். நிறைந்த தொட்டிக்குள் மேலும் தள்ளினால், கூரையில் காற்றுக்காக விட்டிருக்கும் குழாய் வழியாகத்தான் வெளியேறும் என்பது வண்டி வாங்கும்போதே சொல்லித் தரும் பாடம். கூரையிலிருந்து வழிந்தது நிழல்துணியில் தேங்கும். நிழல்துணி ஓரளவுதான் தாங்கும். அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. தலையில் சொட்டியதும் ஹார்லன் மேலே நிமிர்ந்து பார்த்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சில்லியை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

லோர்னா வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, குழாயைப் பின்தொடர்ந்து, எங்கள் வண்டிவரை வந்துவிட்டாள்.

"இதை எனக்காகவா பண்ணினே?"

"ஆமா, லோர்னா. உனக்காகத்தான்."

"கொட்டுற இடம் அந்த மேட்டுக்குப் பின்னாடிதானே இருக்கு. ஒருதடவை போயிட்டு வந்திருக்கலாமே."

"போனா அவுட் ஆயிடுவோமே."

அவள் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பம்ப் என்னுடையது, குழாய் என்னுடையது, உள்ளே ஓடியதும் பெரும்பாலும் என்னுடையதுதான். ஆனால் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். வண்டி நகரக் கூடாது என்று மட்டும்தான் இருக்கிறது. என் வண்டி நகரவில்லை.

லோர்னா துலூத்துக்குப் போய்விட்டாள். இப்போது ஒரே ஆள் என்பதால் தொட்டி இரண்டு மடங்கு நாள் தாங்குகிறது.