எறும்புக்கு மொதப் புடி

உலகச் சண்டைக் காலத்தில், மலையடிவாரக் காரவள்ளியில் ரேஷன் அரிசிக்கு நின்றபோது கேட்டது இது. பத்து வயதுப் பெண் ஒருத்தி வரிசையில் ஒவ்வொருவரிடமும் போய் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். நைசாக முந்தப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

“ஏனுங்க, உங்க ஊட்ல புதுச் சாமையில மொதப் புடி யாருக்குங்க?”

“சாமிக்குத்தான். வேற யாருக்கு?”

“அப்ப நீங்க இல்லீங்க.”

எனக்கு முன்னால், மலைமேல் பைல் நாட்டு ஊரொன்றிலிருந்து மிளகுக் கூடையோடு இறங்கி வந்த பெண் நின்றிருந்தாள்.

“எங்கூட்ல எறும்புக்கு” என்றாள்.

“ஏனுங்க எறும்புக்கு?” சிறுமியின் குரல் கீச்சிட்டது.

“ஒரு பஞ்சத்துல எங்கப்பன் எறும்புப் புத்தைத் தோண்டி, அதுக சேத்து வெச்ச தானியத்துல...”

“கஞ்சி காச்சி அக்கா தங்கச்சி ரெண்டு பேத்துக்கும் ஊத்துனாருங்க! அந்த அக்காதான் எங்கம்மாங்க!”

கூடை சரிந்து மிளகு சிதறியது. அவள் குனியவே இல்லை.

“அக்கா எங்க கண்ணு? ஊட்ட உட்டுப் போனவ திரும்பவே இல்லியே!”

“தை மாசம் காச்சல்ல போயிட்டாங்க. ஊர்ப் பேரை ஒருநாளும் சொன்னதில்லீங்க. இந்தக் கதையத்தான் சொல்லிட்டே இருப்பாங்க.”

“நாந்தாண்டி சாமி உன்ற சின்னம்மா!”

“அடுத்த ஆளு! கார்டுல எத்தனை பேரு?” என்று கத்தினார் அளப்பவர்.

“நாலுங்க. நாலு பேத்துக்கே அளங்க, அஞ்சு பேரு குடிச்சுக்கறோம்.”

சிறுமி அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“எறும்ப விட்டுட்டீங்களே, சின்னம்மா!”