மூலையில் ஓடும் மணிக்கூடு

மானிப்பாயில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்கு முன்னால் நின்ற கொம்பியூட்டர் வாத்தியார், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்:

“நான் ஒண்டும் போடாமலே கொம்பியூட்டரின்ரை மெமரியிலை ஆரோ இடம் பிடிச்சிருக்கினம், அக்கா.”

“மெமரி எண்டால்?”

“அது வேலை செய்யிற மேசை மாதிரி. நிப்பாட்டினால் எல்லாம் துடைச்சுப்போகும். திருப்பிப் போட்ட உடனை எவ்வளவு வெறுமையாக் கிடக்கெண்டு பாப்பன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறையுது.”

“எலி கிலி பூந்திட்டுதோ?”

“இல்லை. குமரன் எழுதின மணிக்கூட்டுப் புறோகிறாம். திரையின்ரை மூலையிலை நேரம் காட்டும்.”

“உங்களோடை படிப்பிச்ச குமரனோ? போன மாரியிலை காணாமல் போனவர்?”

“ஓம். தாய் வந்து அதைப் பாத்து அழுதவ. அதாலை அழிச்சுப்போட்டன். இப்ப எந்தப் பிளொப்பித் தட்டிலையும் இல்லை. ஆனால் ஓடுது. நேரமும் சரி.”

அந்தப் பெண் போத்தலை மற்றக் கைக்கு மாற்றினாள். வரிசை நகர்ந்தது.

“வகுப்புத்தான் நிண்டுட்டுதே, மாஸ்ரர். பிறகேன் ஜெனரேற்றருக்கு எண்ணெய்?”

அவருடைய முறை வந்திருந்தது. போத்தலை நீட்டிக்கொண்டே சொன்னார்:

“நான் கொம்பியூட்டரைப் போடாட்டில் அவன் எங்கை இருப்பான்?”