இலியாசருக்கு வெச்ச கல்லு

ஐயோ சார், கல்லக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா எப்படி? பாசி பூரா உங்க கோட்டுல ஒட்டிக்கிச்சு பாருங்க. கொஞ்சம் தள்ளுங்க, தேய்க்கணும். நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. விடியறதுக்குள்ள இந்தக் கல்லறைத் தோட்டத்துல ஒரு கல்லு அழுக்கா இருக்கக் கூடாது, பூ இல்லாம இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா அந்தக் குடும்பத்தோட மானம் போச்சு.

எங்கேர்ந்து, பென்சில்வேனியாவா? அதான் தெரியுதே. குளிர் விட்டுச்சுன்னா உங்காளுங்க கெளம்பி வந்துடறீங்க. எங்க வெல்ஷ் பாஷையில ஒரு வார்த்தை தெரியாது, ஆனா செத்துப்போன வெல்ஷ்காரன் மேல மட்டும் பாசம் பொத்துக்கிட்டு வரும். போன வருஷம் ஒரு அம்மா வேற எவனோ ஜான் ஜோன்ஸுக்கு அழுது தீத்துட்டுப் போனாங்க. இங்க திரும்பற பக்கமெல்லாம் ஜான் ஜோன்ஸ்தான்.

நீங்க தேடறது இலியாசர் ப்ரிட்சர்டா? அப்ப கல்லு சரிதான். ஆனா பேருக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு யாரையாச்சும் கேட்டீங்களா? கடல்ல முழுகிச் செத்தான்னு எழுதியிருக்கு சார். கடல்ல போனவன் பொணம் இந்த மலைக்கு நடந்தா வரும்?

இருங்க, இருங்க. அவன் முழுகவும் இல்ல. கேட்ரின்னு ஒரு பொண்டாட்டி, கைக்கொழந்தை, ரெண்டையும் விட்டுட்டு, சம்பாதிச்சு அனுப்பறேன்னு அமெரிக்காவுக்குக் கப்பலேறுனான். கடுதாசி கெடயாது, ஒண்ணும் கெடயாது. அப்புறம் உங்க ஊரு ஸ்லேட்டு குவாரில வேலை பாத்துட்டுத் திரும்புன ஆளு ஒருத்தன் வந்து சொன்னான், இலியாசர் அங்க ஜம்முனு இருக்கான், வேற பொம்பள, மடியில ஒரு புள்ளன்னு. அடுத்த வாரமே கேட்ரின் கல்லு வெட்டச் சொல்லிட்டா. கறுப்பு உடுத்திக்கிட்டு சர்ச்சுல முன் வரிசையில போய் உக்காந்தா. விட்டுட்டு ஓடுனவன் பொண்டாட்டின்னா ஊரு சிரிக்கும். விதவைன்னா எழுந்து எடம் குடுக்கும். பொய்யின்னு அத்தனை பேருக்கும் தெரியும் சார். ஒருத்தர் வாயத் தொறக்கல. வருஷா வருஷம் வந்து பூ வேற வெச்சாங்க. எங்க ஊருக்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்ல.

மடியில இருந்த அந்தப் புள்ளதான் உங்க தாத்தாவா? நெனச்சேன்.

என்ன? என்ன சொன்னீங்க? சாகறதுக்குள்ள பொறந்த ஊர ஒரு தடவை பாத்துட்டு வரேன்னு இலியாசர் உங்க கொள்ளுப்பாட்டிகிட்ட சொல்லிட்டுக் கெளம்புனானா? இங்கயா?

இங்க வரல சார். வந்திருந்தா கேட்ரின் சும்மா விட்டிருப்பாளா.

அடப்பாவி. உங்களுக்கும் பட்டை நாமந்தானா! அப்ப மூணாவதா ஒரு குடும்பம் ஆஸ்திரேலியாவுலயோ எங்கயோ அவனத் தேடிக்கிட்டிருக்கும்.

கடைசி வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாங்களா, உங்க கொள்ளுப்பாட்டி? வெவரம் இல்லாதவங்க. பேசாம ஒரு கல்லு வெட்டியிருக்கலாம்.

எழுந்திரு தம்பி. ஆமா, இனிமே சார் கீர்லாம் கெடயாது. அந்தப் பய எனக்கும் கொள்ளுத்தாத்தாதான். எழுந்திருன்னா. நீ மண்டி போட்டிருக்கற எடத்துல கேட்ரின் படுத்திருக்கா, தனியா. அவ நெஞ்சு மேல உக்காந்துக்கிட்டு அவனுக்காக அழாத.